காருக்குள் பெற்றோல் மணம்: கராஜுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைக்கு அண்மையில் வசிக்கும் நான், இருபது வருடத்துக்கு மேல் பழைமையான ஒரு ஜப்பானியக் காரை வாங்கிய மூன்றாவது மாதத்தில் அதற்குள் பெற்றோல் மணக்கத் தொடங்கியது. ஐந்து மாதங்கள், மூன்று கராஜ்கள், 53,000 ரூபாய் என்று அலைந்த பிறகே மணம் நின்றது. அந்தத் தொகையில் உண்மையான பழுதுகளைத் திருத்தச் செலவானது 15,500 ரூபாய் மட்டுமே. மிகுதி 37,500 ரூபாயும் நன்றாக இருந்த பாகங்களைக் கழற்றிப் புதிதாகப் போட்டதற்குப் போனது. அது மட்டுமல்ல, அப்படித் தேவையில்லாமல் கழற்றிய ஓரிடத்தில்தான் இரண்டாவது கசிவும் உருவானது. மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு வாசரைக்கூட வாங்காதீர்கள் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை பெற்றோலில் ஓடும், எஞ்சினுக்குப் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பொருத்திய சாதாரண கார்களுக்கானவை. கார்பரேட்டர் உள்ள பழைய கார்களைப் பற்றி ஓரிடத்தில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் எட்டாவது பகுதியை வாசிக்காமல் பின்சீற்றைத் தூக்க வேண்டாம்.

1. முதலில் ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள்

பெற்றோல் ஆவி தீப்பற்றுவதற்கு வெப்பம் தேவையில்லை. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை செல்சியஸ் அளவிலேயே அது பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு அது கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதால் மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளமான இடங்களில் தேங்கும். நம் வீடுகளில் கார் நிற்கும் போட்டிக்கோவும் குசினியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணித் தட்டோடு வாசல்வரை வருவதும் வழக்கம். மணம் தொடங்கிய நாளிலிருந்து காரை வீட்டோடு ஒட்டி நிறுத்தாமல் திறந்த வெளியில் நிறுத்துங்கள்.

காருக்கடியில் சொட்டுவது கண்ணால் தெரிந்தால், அல்லது பொனட்டைத் திறந்தவுடன் ஈரம் தெரிந்தால், இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளுக்குப் போக வேண்டாம். ஸ்டார்ட் பண்ணாமல், ஆட்களைக் கொண்டு தள்ளி வெளியே எடுத்து, மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். ஆவி நிறைந்திருக்கும் நேரத்தில் அதைக் கழற்றும்போது எழும் பொறியே தீக்குக் காரணமாகலாம் என்பதால், காற்றோட்டமான இடத்தில் ஆவி கலைந்த பிறகே அதைச் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கடுமையாக மணத்தால் வீதியோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தூரமாக நிற்க வையுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் பொனட்டைத் திறக்க வேண்டாம். 119க்கு அழையுங்கள். உங்கள் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு இலக்கத்தையும் முன்கூட்டியே தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள். காரில் ஒரு கிலோ அல்லது இரண்டு கிலோ உலர் தூள் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் தீ தண்ணீரோடு சேர்ந்து பரவும்.

சொட்டு இல்லை, மணம் மட்டும்தான் என்றாலும் கர்ப்பிணிகளையும் சிறு பிள்ளைகளையும் அந்தக் காரில் ஏற்ற வேண்டாம். பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மல்லிகை வாசனை அட்டையைத் தொங்கவிட்டு மணத்தை மறைப்பது, பழுதைக் கண்டுபிடிக்க உங்களிடம் இருக்கும் ஒரே கருவியான மூக்கை நீங்களே கெடுத்துக்கொள்வதாகும்.

2. காரைச் சந்தேகிக்கும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள்

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். மச்சான் தோணி எஞ்சினுக்கு ஐந்து லீற்றர் பெற்றோலை ஒரு கேனில் கொண்டுபோயிருப்பார், புல்வெட்டும் இயந்திரத்தை யாரோ படுக்க வைத்து ஏற்றியிருப்பார்கள், 2022இல் வரிசையில் நின்று சேர்த்த பெற்றோல் போத்தல் ஒன்று ஸ்பெயார் வீல் குழிக்குள் இன்னமும் கிடக்கும். கம்பளத்துக்கு அடியில் உள்ள பஞ்சு ஒரு கோப்பை பெற்றோலைக் குடித்துவிட்டால் வாரக்கணக்கில் மணக்கும். டிக்கிக் கம்பளத்தையும் அதன் அடியில் உள்ள பலகையையும் முழுவதுமாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே மணந்து பாருங்கள்.

கம்பளத்தில்தான் மணம் என்றால் உங்களுக்கு யோகம். அதை எடுத்து வெயிலில் விரித்து இரண்டு நாள் காயவிட்டு, சவர்க்காரத் தூளால் கழுவி, மீண்டும் காய்ந்த பிறகு அப்பச்சோடாவைத் தாராளமாகத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டி எடுங்கள். ஈரம் காயும் முன் வீட்டு வக்கூம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம், அதன் மோட்டாருக்குள் பொறி பறக்கும்.

3. ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

செலவில்லாத வேலை இது, என்னை 37,500 ரூபாயிலிருந்து காப்பாற்றியிருக்கக்கூடியதும் இதுவே. நான் முதல் இரண்டு கராஜ்களிலும் “கார் பெற்றோல் மணக்குது” என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு கராஜும் தனக்குத் தெரிந்த இடத்தைத் திறந்தது. ஒரு பயிற்சிக் கொப்பியில் நாள், நேரம், டாங்கியில் எவ்வளவு பெற்றோல், எஞ்சின் குளிரா சூடா, ஏசி எந்த நிலையில், மணம் உள்ளேயா வெளியேயா, முன்னாலா பின்னாலா என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மூக்கு சில நிமிடங்களில் மணத்துக்குப் பழகிவிடும் என்பதால், காருக்குள் இருந்து வெளியேறி ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் மணந்து பாருங்கள், அல்லது அப்போதுதான் வந்த ஒருவரை மணக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என்னைவிட மகளின் மூக்கே நம்பகமானது என்பதைத் தாமதமாகவே உணர்ந்தேன்.

ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தால் பழுது ஏறத்தாழத் தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

பெற்றோல் அடித்த அன்றும் மறுநாளும் கடுமையாக மணந்து, டாங்கி அரைக்குக் கீழே இறங்கியதும் மணம் மறைந்தால், பழுது டாங்கியின் மேற்பகுதியில் இருக்கிறது. பெற்றோல் ஊற்றும் வாய்க்குழாய், அதை டாங்கியோடு இணைக்கும் ரப்பர் குழாய், பம்பின் மேல்மூடிச் சீல், ஆவிக் குழாய்கள் ஆகியவையே அந்த இடங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் மணந்து, எஞ்சின் சூடேறியதும் நின்றால், இறுகிப்போன இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளை முதலில் சந்தேகியுங்கள். குளிர்ந்திருக்கும்போது சுருங்கிக் கசியும் அந்த வளையங்கள் சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். வெயிலில் நெடுநேரம் ஓடி நிறுத்திய பிறகு, கச்சான் காற்று வீசும் நண்பகல்களில் மட்டும் மணந்தால், ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது காரின் பின்னால் நின்றால் மட்டும் மணந்தால் சைலன்சர் வழியாக எரியாத பெற்றோல் வெளியேறுகிறது.

ஏசியை வைத்துச் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் வாய் முன்கண்ணாடியின் அடியில், பொனட்டின் பின்விளிம்பை ஒட்டியே இருக்கிறது. வெளிக்காற்று நிலையில் மணந்து, உள்காற்றைச் சுழற்றும் நிலைக்கு மாற்றியதும் குறைந்தால் கசிவு பெரும்பாலும் எஞ்சின் பகுதியில் இருக்கும். இரண்டு நிலையிலும் ஒரே அளவில் மணந்து, பின்சீற்றில் இருப்பவர் கூடுதலாக முறையிட்டால் பின்பக்கத்தைப் பாருங்கள்.

4. பின்பக்கம்: கடற்கரை ஊர்களில் இங்கிருந்தே தொடங்குங்கள்

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரமாக வாழும் நமக்கு, உப்புக் காற்று கார்களின் அடிப்பகுதியை எப்படித் தின்கிறது என்பது புதிதல்ல. மாரியில் வாவி நீர் ஏறிய வீதிகளில் ஓடிய கார் என்றால் இன்னும் மோசம். டாங்கி மூடியிலிருந்து டாங்கி வரை செல்லும் வாய்க்குழாய் பல கார்களில் மெல்லிய இரும்பால் ஆனது. அது பின்சக்கரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டயர் அள்ளி வீசும் சேறும் மணலும் அந்த மறைப்புக்குப் பின்னால் போய் அடைந்து, மாதக்கணக்கில் ஈரமாக இருந்து குழாயை அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு முதிய மெக்கானிக் என் குறிப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: “மனே, டாங்கிய நிரப்பிக்கொண்டு வா. கால் டாங்கியில வந்து நிண்டா எனக்கு ஒண்டும் தெரியாது.” பெற்றோல் விற்கும் விலைக்கு நான் எப்போதும் கால் டாங்கிக்கு மேல் அடிப்பதில்லை. ஆகவே, கராஜுக்குப் போன ஒவ்வொரு முறையும் கசியும் இடத்துக்குப் பெற்றோல் எட்டவே இல்லை. அன்று நிரப்பிக்கொண்டு போனேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, மறைப்பைப் பிடித்திருந்த கிளிப்புகளை நீக்கினார். உள்ளே கைப்பிடியளவு மணல் இருந்தது. அதைத் தூரிகையால் மெதுவாகத் தள்ளியபோது, குழாயின் வளைவில் விரல்நகம் அளவில் துருச் செதில் ஒன்று உரிந்து விழுந்தது. அதன் கீழே மணல் மட்டும் கறுத்து ஈரமாக, ஒரு கோடு போல இறங்கியிருந்தது. காரைப் பக்கவாட்டில் இரண்டு தரம் அசைத்தபோது அந்தக் கோடு பளபளத்தது. ஐந்து மாதமாகத் தேடியதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சொட்டு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, கராஜுக்குப் போகும் அன்று டாங்கியை நிரப்புங்கள். பம்புக் குழல் தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். நமது பெற்றோல் செட்களில் தொகையை முழு எண்ணாக்குவதற்காக அதற்கு மேலும் இரண்டு மூன்று முறை அழுத்துவார்கள். அந்த மேலதிகப் பெற்றோல் ஆவியை மட்டும் வாங்க வேண்டிய கெனிஸ்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும் என்பதை ஆறாவது பகுதியில் பார்ப்போம்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை: பார்ப்பதற்கு முன் அடிப்பகுதியைக் கழுவ விடாதீர்கள். சேவிஸ் ஸ்டேசனில் காரைத் தூக்கியதும் தண்ணீர் அடிப்பதே அவர்களின் கைப்பழக்கம். தூசியில் பெற்றோல் வரைந்திருக்கும் கறைதான் உங்கள் சாட்சி. நான் முதல் மாதத்திலேயே அந்தச் சாட்சியைக் கழுவிவிட்டேன்.

பம்பின் மேல்மூடியையும் இதே நேரத்தில் பார்க்க வேண்டும். பல ஜப்பானியக் கார்களில் பின்சீற்றின் இருக்கையைத் தூக்கினால் ஒரு சிறு தகட்டு மூடி இருக்கும். அதன் கீழே டாங்கிக்குள் இறங்கும் பம்பு. அந்தத் தகட்டைத் தூக்கியவுடன் மணம் முகத்தில் அடித்தால், அல்லது பம்பின் தலையைச் சுற்றியுள்ள தூசி ஈரமாக இருந்தால், சீல் போய்விட்டது. தூசி காய்ந்து வெண்மையாக இருந்தால் பம்பைத் தொட விடாதீர்கள்.

5. எஞ்சின் பகுதி

இன்ஜெக்டர் உள்ள காரில் பெற்றோல் ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தில் வருகிறது, உங்கள் டயரில் அடித்திருக்கும் காற்றைவிட அதிகம். ஊசிமுனைத் துளையிலிருந்தும் அது பனிப்புகார் போலப் பீறிடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில், ஒருவர் சாவியை ‘ஒன்’ நிலைக்கு மட்டும் திருப்ப, மற்றவர் பொனட்டுக்குள் பார்க்க வேண்டும். பம்பு சில விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். இன்ஜெக்டர்கள் வரிசையாகப் பொருந்தியிருக்கும் குழாய், பில்டரின் இரு முனைகள், ரப்பர் குழாய்களின் கிளிப்புகள் ஆகியவற்றை எல்ஈடி டோர்ச்சால் பாருங்கள். கராஜ்களில் வயரோடு தொங்கும் பழைய குமிழ் விளக்கை எரிபொருள் வேலைக்குப் பயன்படுத்த விட வேண்டாம். சூடான குமிழின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அது வெடிக்கும்.

பழைய கார்களில் அழுத்தச் சீராக்கி இன்ஜெக்டர் குழாயின் முனையில், மெல்லிய வக்கூம் குழாய் ஒன்றோடு இருக்கும். அந்தச் சிறு குழாயைக் கழற்றி மணந்து பாருங்கள். அதற்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்துவிட்டது. வேறு சோதனை தேவையில்லை.

கார்பரேட்டர் உள்ள காரில் மணம் வந்தால் முதலில் மிதவையையும் அதன் ஊசியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி அடைக்காவிட்டால் பெற்றோல் நிரம்பி மேலால் வழியும்.

6. ஆவிக் கசிவு

எல்லாம் காய்ந்திருக்கிறது, ஆனாலும் மணக்கிறது என்றால் கசிவது ஆவி. முதலில் டாங்கி மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால், தட்டையாக அமுங்கியிருந்தால், மூடியை மாற்றுங்கள். அடுத்தது கெனிஸ்டர். கரித்துகள்கள் நிறைந்த அந்தப் பெட்டி டாங்கியின் ஆவியைப் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு வழியாக எரிப்பதற்கு அனுப்புகிறது. கரி பெற்றோலில் நனைந்துவிட்டால் அது மீண்டும் பழைய நிலைக்கு வருவது கடினம். வால்வு, மின் இணைப்பைக் கழற்றிய நிலையில், மூடியே இருக்க வேண்டும். சுத்தமான ஒரு குழாயைப் பொருத்தி ஊதினால் காற்று போனால் அது பழுது. வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டாம்.

காரின் கணினியில் பதிந்த பழுதுக் குறியீடுகளை வாசிக்கும் ஸ்கேன் கருவியில் பி0442 சிறு ஆவிக் கசிவையும் பி0455 பெரிய கசிவையும் காட்டும். ஆனால், பல பழைய கார்களில் ஆவிக் கசிவைக் கண்டறியும் ஏற்பாடே இல்லை. “ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்ற பதிலைக் கேட்டு நான் ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

7. சைலன்சர் வழியாக வந்தால்

குழாயின் முனையில் கரும்புகைக் கரி படிந்து, லீற்றருக்கு ஓடும் தூரம் குறைந்து, ஸ்கேன் கருவி பி0172 காட்டினால் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. கசியும் இன்ஜெக்டர், தவறான அளவு சொல்லும் வெப்ப உணரி, ஒட்சிசன் உணரி ஆகியன வழக்கமான காரணங்கள். ஒயில் அளவுக்கோலை இழுத்து மணந்து பாருங்கள். ஒயிலில் பெற்றோல் மணந்து அளவும் ஏறியிருந்தால், பழுதைத் திருத்திய பிறகு ஒயிலையும் மாற்றியே ஆக வேண்டும். எஞ்சின் உதறினால் பிளக் அல்லது கொயில் காரணமாக ஒரு சிலிண்டர் எரியாமல் பெற்றோலை அப்படியே வெளியே தள்ளுகிறது. அது புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் வைக்கோல் பரந்து கிடக்கும் இடங்களில் அந்தக் காரை நிறுத்துவது தீ வைப்பதற்குச் சமம்.

8. நீங்களே செய்யலாமா?

டாங்கி மூடியை மாற்றுவது, கம்பளத்தைக் கழுவுவது, கண்ணால் பார்ப்பது, குறிப்பெடுப்பது: இவை உங்கள் வேலை. அழுத்தத்தில் உள்ள குழாய்களைக் கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. அவரும் முதலில் பம்பின் பியூசைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிய பிறகே குழாயைத் தொட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே ஸ்பானரை எடுப்பவரிடமிருந்து காரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ஹைபிரிட் கார்களில் உயர் மின்னழுத்தப் பற்றரி பின்சீற்றின் கீழோ அதன் பின்புறமோ இருக்கும். டொயோட்டா அக்குவாவில் அது பின்சீற்றின் கீழேயே இருக்கிறது. செம்மஞ்சள் நிற வயர்கள் தென்பட்டால் கையை எடுத்துவிட்டு, ஹைபிரிட் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். பெற்றோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் எஞ்சின்களிலும் இதே விதி. அங்கே அழுத்தம் நூறு பாருக்கும் மேல் போகும், தோலைத் துளைக்கும்.

துருப்பிடித்த குழாயையோ டாங்கியையோ வெல்டிங் பண்ணித் தருகிறோம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். வெறும் டாங்கிதானே என்பார்கள். நிறைந்த டாங்கியைவிட, ஆவி மட்டும் நிறைந்த வெறும் டாங்கியே வெடிப்பதற்குத் தோதானது. எப்பொக்சிப் பசை ஊருக்குப் போய்ச் சேரும்வரை தாங்கும், அவ்வளவுதான்.

9. பாகங்கள், செலவு, காலம்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ரப்பர் குழாய், கிளிப், ஓ-ரிங், பில்டர் போன்றவை அன்றே கிடைக்கும். வாய்க்குழாய், பம்புச் சீல், கெனிஸ்டர் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்க வேண்டும். தொலைபேசியில் கேட்கும் முன் வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி, செசி இலக்கம், எஞ்சின் பகுதியில் உள்ள மாதிரித் தகட்டின் படம், கழற்றிய பாகத்தின் இரு பக்கப் படங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஒரே பெயருள்ள காரில் இரண்டு விதக் குழாய்கள் உண்டு. அனுப்புவதற்கு முன் அவர்களிடமுள்ள பாகத்தின் படத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள். காலையில் பேசி முடித்தால், இரவு பஸ்ஸில் பார்சலாக ஏற்றி மறுநாள் காலையில் இறக்குவார்கள்.

ரப்பர் குழாயில் ஏமாறுவது எளிது. இன்ஜெக்டர் காருக்குரிய குழாயில் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டிருக்கும். ஆர்7 குறைந்த அழுத்தத்துக்கானது. அதை அழுத்தக் குழாயாகப் போட்டால் சில மாதங்களில் பழைய கதைதான். எழுத்தே இல்லாத குழாயை வாங்கவே வேண்டாம். திறந்த எந்த இடத்துக்கும் ஓ-ரிங், சீல் புதிதாகவே போட வேண்டும்.

எனக்கான செலவு வருமாறு. முதல் கராஜில் பிளக்குகளும் பில்டரும் 16,500 ரூபாய். இரண்டாவது கராஜில் பாவித்த பம்பு ஒன்றும் கூலியும் 21,000 ரூபாய். இவை இரண்டும் வீண். மூன்றாவது இடத்தில் பாவித்த வாய்க்குழாய் 6,500, பார்சல் 500, ரப்பர் குழாய் 1,200, கூலி 3,000 ரூபாய். பிறகு பம்புச் சீல் 1,800, கூலி 2,500 ரூபாய். வேலை நேரம் இரண்டும் சேர்ந்து ஒரு நாள்கூட இல்லை. விலைகள் மாறும், ஆனால் வீணான தொகைக்கும் பயன்பட்ட தொகைக்கும் உள்ள விகிதத்தைக் கவனியுங்கள்.

10. கராஜில் பேசும் விதம்

கொப்பியை நீட்டுங்கள். “நிரப்பிய அன்று பின்னால் மணக்கிறது, அரை டாங்கியில் இல்லை, ஏசியை மாற்றினாலும் குறையவில்லை” என்று சொன்னால் மெக்கானிக் பொனட்டைத் திறக்க மாட்டார். ஈரமான இடத்தைக் காட்டிய பிறகே பாகம் வாங்குவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தேடுவதற்கான கூலியைத் தனியாகத் தருவதாக நீங்களே சொல்லுங்கள். தேடுதலுக்குக் காசு கிடைக்காது என்பதால்தான் பலர் பாகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், அதில் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். திகதி, காரின் இலக்கம், போட்ட பாகம் ஆகியவை எழுதிய பில் ஒன்றைப் பெறுங்கள்.

11. ஆவணங்கள்

பழைய காருக்கு வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க, புகைப் பரிசோதனைச் சான்றிதழும் செல்லுபடியான காப்புறுதியும் வேண்டும். ஏழாவது பகுதியில் சொன்ன பழுது இருந்தால் புகைப் பரிசோதனையில் தோற்பது ஏறத்தாழ நிச்சயம். அனுமதிப்பத்திரம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திருத்தத்தை முடித்துப் பரிசோதனைக்குப் போங்கள். கடைசி நாளில் போய்த் தோற்றால், பாகத்துக்காகப் பார்சலை எதிர்பார்த்திருக்கும் நாட்களில் காரை வீதியில் எடுக்க முடியாது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்கு, தீப்பிடித்தால் தன் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி இருந்தாலும் தேய்மானத்தால் வரும் பழுதைத் திருத்த அது பணம் தராது. பில்களையும் பழைய பாகத்தின் படத்தையும் ஒரு கோப்பில் வையுங்கள், காரை விற்கும்போதும் உதவும்.

12. திருத்திய பின்

அன்றே டாங்கியை நிரப்பி, பாலத்தைத் தாண்டி ஒரு சுற்று ஓடி, நிழலில் கண்ணாடிகளை மூடி ஒரு மணி நேரம் விட்டு, வேறொருவரைக் கொண்டு கதவைத் திறந்து மணக்கச் செய்யுங்கள். மறுநாள் காலை குளிர் ஸ்டார்ட்டில் ஒரு முறை, மூன்றாம் நாள் நண்பகல் வெயிலில் ஒரு முறை. ஒரு வாரம் கழித்து, இணைப்புகளில் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாய்க்குழாயை மாற்றிய நாளில் காருக்கு வெளியே மணம் முற்றாக நின்றது. நான் வேலை முடிந்தது என்று பில்லைக் கோப்பில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாவுக்குப் போகும் வழியில், செங்கலடி தாண்டியதும் பின்சீற்றிலிருந்த மகள், “அப்பா, இன்னும் மணக்குது” என்றாள். முன்சீற்றில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இருக்கையைத் தூக்கித் தகட்டைக் கழற்றியபோது, இரண்டாவது கராஜில் பம்பை மாற்றியவர்கள் பழைய சீலையே மீண்டும் போட்டிருந்ததும், அது ஒரு பக்கத்தில் முறுகிப் பிதுங்கி நின்றதும் தெரிந்தது. உங்கள் காரில் முன்பு யாராவது பம்பைத் திறந்திருந்தால், மணம் நின்றதாகத் தோன்றினாலும், கராஜிலிருந்து காரை எடுக்கும் முன் அந்தத் தகட்டை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.